எண்டர் தட்டியவர்கள்

பட்டனுக்குப் பச்சை நிறம் கொடுத்ததில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மாம்பழ மஞ்சள் கொடுத்திருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பட்டனைத் தூக்கி ஃபார்முக்கு வெளியே வைத்தார்களே, அதுதான் என் வயிற்றெரிச்சல். இன்றைக்கும் யாராவது என்னிடம் வந்து ஒரு வெப்சைட்டின் டிசைன் அழகாக இருக்கிறது என்று சொன்னால் எனக்கு அந்தப் பச்சைதான் ஞாபகம் வருகிறது. வாய் கசந்துபோகிறது.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இணையத்தில் ஒரு ஃபார்மை நிரப்பி முடித்ததும் அது கிளம்புகிறது. கீழே இருக்கிற பட்டனை அழுத்தினாலும் கிளம்பும். கடைசிக் கட்டத்தில் எழுதிவிட்டு எண்டர் தட்டினாலும் கிளம்பும். போனில் என்றால் எழுத்துப் பலகையின் மூலையில் இருக்கிற அம்புக்குறியைத் தொட்டாலும் கிளம்பும். எந்த வழியில் கிளம்பினாலும் பிரவுசர் ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலுக்கு எங்கள் பாஷையில் சப்மிட் என்று பெயர். அதைக் காது கொடுத்துக் கேட்டு, "நீ நில், நான் கொண்டுபோய்ச் சேர்த்துக்கொள்கிறேன்" என்று பிரவுசரைத் தடுத்து நிறுத்தி, எழுதிய விவரங்களை வாங்கிக்கொண்டுபோய் சர்வரில் சேர்ப்பது ஜாவாஸ்கிரிப்டில் நாங்கள் எழுதும் நாலைந்து வரிகளின் வேலை. கேட்க ஆள் இல்லையென்றால் பிரவுசர் தன் பழைய வழக்கப்படி நடந்துகொள்ளும். எழுதியதையெல்லாம் மேலே இருக்கும் முகவரியின் வாலில் கட்டிக்கொண்டு, அதே பக்கத்தைத் திரும்பவும் வெறுமையாகத் திறந்து வைக்கும். எழுதியது எங்கும் போய்ச் சேராது. பார்க்கிறவர்களுக்கு மட்டும் ஏதோ நடந்த மாதிரி இருக்கும்.

அதனால் இந்தத் தொழிலில் முதல் பாடமே, பட்டனைக் காவல் காக்காதே, ஃபார்மைக் காவல் கா என்பதுதான். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன்.

மலையாள நாட்டில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு சின்ன கம்பெனி. பெயர் வேண்டாம். அங்கே பயனர்கள் பார்க்கிற பக்கங்களைச் செய்வது என் வேலை. எனக்கு மேலே ஒரு டீம் லீட், என்னைவிட வயதில் இளையவர், ஸ்ரீவராகத்துக்காரர். அவருக்கும் வீட்டில் தமிழ், எனக்கும் வீட்டில் தமிழ். அவருடையது அக்ரகாரத்துத் தமிழ், என்னுடையது பொன்முடி மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தின், கூலிக்காரர்களின் வரிசைவீடுகளின், தமிழ். ஆபீசில் இரண்டு பேரும் மலையாளம்தான் பேசுவோம், என்னை அவர் சேச்சி என்றுதான் கூப்பிடுவார். என்னிடம் அவர் தமிழில் பேசினால் ஏதோ காரியம் இருக்கிறது என்று அர்த்தம். வந்த கொஞ்ச நாளிலேயே எனக்கு அது பிடிபட்டுவிட்டது.

அந்த வருடம் எங்களுக்குக் கிடைத்த வேலை, நகரத்தில் ஒரு தர்மஸ்தாபனம் நடத்தும் பெண்கள் ஹாஸ்டலுக்கு விண்ணப்ப ஃபார்ம் செய்வது. மலையிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வருகிற பெண்பிள்ளைகள் பத்தாவது முடித்ததும் அங்கே தங்கி பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கலாம். சாப்பாடு, தங்கல் எல்லாம் இலவசம். நானே அங்கே தங்கிப் படித்தவள்தான். அப்போது காகித ஃபார்ம், பள்ளி டீச்சர் வாங்கி வந்து தருவார். எங்கள் கம்பெனி இந்த வேலையைப் பிடிக்கும்போது என்னைக் கூட்டிப்போய் முன்னால் உட்கார வைத்து, உங்கள் ஹாஸ்டல் பிள்ளை எங்களிடம்தான் இருக்கிறாள் என்று காட்டினார்கள். சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஹாஸ்டல் எங்கள் லயத்துப் பெண்பிள்ளைகளுக்கு என்ன என்பது மலையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும். மேலே பத்தாவதோடு படிப்பு முடிகிறது. அதற்குமேல் படிக்க வித்துராவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்க வேண்டும். பஸ் நேரமும் பள்ளி நேரமும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. மழைக்காலத்தில் கொண்டை ஊசி வளைவில் ஒரு மரம் விழுந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, வீடும் இல்லை. ஆண்பிள்ளைகள் யார் வீட்டிலாவது ஒண்டிக்கொண்டு சமாளிப்பார்கள். பெண்பிள்ளைகளை அப்படி விட மாட்டார்கள். ஹாஸ்டலில் இடம் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் துணிக்கடை, அதற்குப் பிறகு கல்யாணம். என் தங்கை அப்படி நின்றுபோனவள். அவள் இன்றும் மேலே கொழுந்து பறிக்கிறாள்.

அந்த வருடம் அவள் மகள் பத்தாவது முடித்திருந்தாள். லயத்தில் அடுத்த வீட்டுப் பெண்ணும் முடித்திருந்தாள். இரண்டும் ஒரே வகுப்பு, ஒரே ஜடை ரிப்பன், ஒன்று தும்மினால் இன்னொன்றுக்கு ஜலதோஷம். அடுத்த வீட்டுப் பெண் என் தங்கை மகளைவிட நன்றாகப் படிப்பவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் ஹாஸ்டலுக்கு வர வேண்டும், ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்க வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தார்கள். எந்த ஜன்னல் பக்கம் வெயில் வராது என்றுகூட என்னிடம் கேட்டு வைத்திருந்தார்கள்.

நான் செய்த ஃபார்மை ஸ்தாபனத்தின் செயலாளருக்குக் காட்டினோம். நல்ல மனிதர்தான், கதர்ச்சட்டை. பட்டன் சப்பென்று இருக்கிறது என்றார். பச்சையாக, பெரிதாக, திரையின் அடியில் மிதந்துகொண்டே இருக்க வேண்டும், அழுத்தினால் "உறுதிதானா" என்று ஒரு பெட்டி எழும்பிக் கேட்க வேண்டும் என்று விரும்பினார். டீம் லீட் நானே செய்கிறேன் என்று எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் கோட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஃபார்முக்கு வெளியே ஒரு புதுப் பச்சைப் பட்டன். காவல் முழுவதும் அந்தப் பட்டனுக்கு. விவரங்கள் இரண்டு முறை போகின்றன என்று சொல்லி ஃபார்மின் வாசலில் நான் நிறுத்தியிருந்த வரிகளை அப்படியே வெட்டி எறிந்திருந்தார். என் பழைய பட்டனை எடுக்கவும் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்து மட்டும் வைத்திருந்தார். அது உள்ளே உயிரோடு இருக்கும்வரை எண்டர் தட்டினால் ஃபார்ம் கிளம்பும். ஆனால் வாசலில் கேட்க ஆள் இல்லை.

போய்ச் சொன்னேன். எண்டர் தட்டினால் எல்லாம் காற்றோடு போகும் என்றேன். அவர் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தமிழில்தான் பதில் வந்தது.

"இப்போ யாரு எண்டர் தட்டறா? எல்லாரும் மொபைல்லதானே பண்றா. சாரமில்லை, விடுங்கோ."

மலையில் இருப்பவர்கள் மொபைலில் பண்ண மாட்டார்கள், வித்துராவில் ஒரு சேவை மையத்துக்குப் போய் அங்கே இருக்கும் பெண்ணிடம் சொல்லிப் பண்ணுவார்கள், அவள் கம்ப்யூட்டரில் அடிப்பாள் என்று சொன்னேன். சரி சரி, வெளியிடுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எழுத்திலும் போட்டு வைத்தேன். அடுத்த நாளே என்னை வேறொரு வேலைக்கு மாற்றினார்கள். நீ ஏன் திரும்பப் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பவர்கள் கேட்கலாம். ஒரு மேலதிகாரி பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் பார்த்துக்கொள்வார் என்று நம்புவது என் சம்பளத்துக்குள் அடக்கம்.

தங்கையிடம் போனில் சொன்னேன்: ஃபார்ம் திறக்கிற முதல் நாளே போய்விடு, வந்த வரிசைப்படிதான் இடம் கொடுப்பார்கள். நீயே அங்கிருந்து நிரப்பிவிடேன் என்றாள். மாட்டேன் என்றேன். கம்பெனிக்காரியே உள்ளே உட்கார்ந்து தன் வீட்டுப் பிள்ளைக்கு எழுதிக்கொண்டாள் என்று ஒருத்தர் வாயில் விழக்கூடாது. எனக்கு அந்த ரோஷம் உண்டு.

முதல் நாள் விடிந்ததும் தங்கையும் அடுத்த வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வித்துராவுக்கு இறங்கிவிட்டார்கள். மையம் திறக்கும்போது வாசலில் முதலில் நின்றவர்கள் அவர்கள்தான். முதலில் அடுத்த வீட்டுப் பெண்ணுடையது, அதற்கடுத்து என் தங்கை மகளுடையது. போயாச்சு பெரியம்மா என்று எனக்கு ஒரு செய்தி வந்தது. விவரம் பிறகு போனில் வரும் என்று ஃபார்மிலேயே எழுதியிருந்தோம். மேலே லயத்தில் சிக்னல் கிடைப்பது சாமி வரம் மாதிரி, அதனால் செய்தி வரவில்லையே என்று யாரும் கவலைப்படவில்லை. நானும் படவில்லை.

தேர்வானவர்களின் பட்டியல் வந்த அன்றைக்குச் செயலாளர் லட்டுப் பெட்டியோடு ஆபீசுக்கு வந்தார். இந்த மாதிரி ஒழுங்காக ஒரு வருடமும் நடந்ததில்லை, ஒரு சிபாரிசு இல்லை, ஒரு தகராறு இல்லை என்று புகழ்ந்தார். கடற்கரையிலிருந்து நிறைய விண்ணப்பங்களாம். நகரத்திலிருந்து அதைவிட நிறைய. மலையிலிருந்து மட்டும் ஒன்றுகூட இல்லை. தோட்டத்துக் குடும்பங்களுக்கு இப்போது படிப்பில் பழைய ஆர்வம் இல்லை போலிருக்கிறது என்று மலையாளத்தில் உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு என்னைப் பார்த்து, எல்லோரும் உங்களைப் போல் இருப்பார்களா என்று சேர்த்துக்கொண்டார். என் கையில் பாதி லட்டு இருந்தது. டீம் லீட் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

ஆர்வம் இல்லையாம். விடியுமுன் எழுந்து, ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, பனியில் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு ஆர்வம் இல்லையாம். அந்த லட்டை அப்படியே குப்பைக்கூடையில் போட்டேன்.

அந்தச் சனிக்கிழமை வித்துராவுக்குப் பஸ் ஏறினேன். மையம் சந்தைக்கு எதிரே, ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு மேல்மாடியில். மிஷின் முன்னால் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும், மலையாளி, வேகமான கை, அதைவிட வேகமான வாய். நான் இன்னார் என்று சொல்லி, அந்த ஹாஸ்டல் ஃபார்மை ஒரு பொய்ப்பெயரில் நிரப்பிக் காட்டச் சொன்னேன். பக்கம் இன்னும் திறந்தேதான் கிடந்தது, அதை மூடக்கூட எங்கள் கம்பெனியில் யாருக்கும் தோன்றவில்லை. அவள் அடித்தாள். பெயர், ஒரு தட்டு, அடுத்த கட்டம். அப்பா பெயர், ஒரு தட்டு, அடுத்த கட்டம். மவுஸ் பிரிண்டருக்குப் பின்னால் வயர் சுற்றிய நிலையில் கிடந்தது. அதைத் தொட்டால் வேலை ஓடாது, வாசலில் டோக்கனோடு ஜனம் நிற்கிறது என்றாள். பச்சைப் பட்டன் திரையின் அடியில் மினுமினுத்தது. அவள் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடைசிக் கட்டம் முடிந்ததும் சுண்டுவிரலால் எண்டரைத் தட்டினாள். பக்கம் ஒருமுறை இமைத்து, வெறுமையாக வந்து நின்றது.

"போயி. கண்டோ, க்ளியராயி," என்றாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அவள் தினமும் அடிக்கும் பாதி சர்க்கார் பக்கங்கள் அப்படித்தான். எடுத்துக்கொண்டால் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குக் காத்திருக்கும், எடுத்துக்கொள்ளாவிட்டால் சிவப்பில் கத்தும். சிவப்பு இல்லை, பக்கம் வெள்ளை, அப்படியென்றால் போய்ச் சேர்ந்தது. அந்த மையத்தில் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. நான் மேலே பார்த்தேன். முகவரியின் வால் நீண்டு கிடந்தது, அதில் நான் சொன்ன பொய்ப்பெயர், பொய் அப்பா, பொய் ஊர் எல்லாம் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மேலிருந்து வந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் நீதான் அடித்தாயா என்று கேட்டேன். பின்னே வேறு யார் என்றாள். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டாள். உன் பக்கம் ஒன்றுமில்லை என்று சொல்லி இறங்கினேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி வரம் கொடுக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது, பூசாரிக்கு விளக்குக்குப் பச்சைச் சாயம் பூசுகிற வேலையே சரியாக இருந்தது.

திங்கட்கிழமை டீம் லீடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகம் ஒருமாதிரி ஆனது. உட்கார்ந்து நான் எழுதியிருந்த பழைய வரிகளைத் திரும்ப ஃபார்மின் வாசலில் கொண்டுவந்து வைத்தார். ஒரு டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு சின்ன வேலை. தொலைந்த விண்ணப்பங்களின் தடம் சர்வரில் சில நாள் கிடந்திருக்கும், அதற்குள் அது வழக்கம்போலத் துடைபட்டுப் போயிருந்தது. சரி, ஸ்தாபனத்துக்கு எப்போது சொல்லப்போகிறோம் என்று கேட்டேன். முதலாளியிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றார். பிறகு மெதுவாக, உங்கள் தங்கை பெண்ணின் பெயரும் போன் நம்பரும் கொடுங்கள், சரிபார்க்க வேண்டும் என்றார். கொடுத்தேன். அடுத்த வீட்டுப் பெண்ணுடையதையும் சேர்த்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில், என் மேஜைக்கு வந்து குனிந்து தமிழில் பேசினார்.

"உங்க தங்கை பொண்ணுக்கு ஒரு எடம் சரியாக்கியாச்சு. ஒருத்தி வரலைன்னுட்டாளாம். இனி இதைப் பெரிசாக்க வேண்டாம், கேட்டேளா."

மற்றவர்களுக்கு என்றேன். இருந்தது ஒன்றுதான், அது உங்களுக்கு வாங்கியாச்சே என்றார். ஸ்தாபனத்திடம் என்ன காரணம் சொன்னீர்கள் என்றேன். தோட்டத்திலிருந்து தாமதமாக வந்த ஒரு விண்ணப்பம், எங்கள் ஊழியரின் குடும்பம், கொஞ்சம் பாருங்கள் என்று சொன்னாராம். முதல் நாள் வாசலில் நின்ற பிள்ளை தாமதமாக வந்த பிள்ளை ஆகிவிட்டாள். எந்தப் பேச்சு வரக்கூடாது என்று நான் ரோஷப்பட்டேனோ, அதையே எனக்குப் பரிசாகக் கொண்டுவந்து கொடுத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அந்தச் சோற்றை என் இலையிலேயே பரிமாறுவார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வேண்டாம் என்று சொல்ல எழுந்தேன். அதற்குள் தங்கையின் போன் வந்தது. சிக்னலுக்காகத் தோட்டத்து ஆபீஸ் மேடு வரை ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. ஸ்தாபனத்திலிருந்து நேரே அவளுக்கே போன் செய்துவிட்டார்கள். அழுதுகொண்டே சிரித்தாள். நான் மற்றப் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன், இது எப்படிக் கிடைத்த இடம் என்பதையும் சொன்னேன்.

"அக்கா, அவங்களாத்தான் கூப்பிட்டுத் தந்தாங்க. நான் வேண்டாம்னு சொல்லணுமா? எனக்கு அன்னைக்கு யாராவது தந்திருந்தா நீ வேண்டாம்னு சொல்லியிருப்பியா?"

அவள் மகளின் கையில் கொழுந்துக்கூடை வராது என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம் வந்ததையும் நான் மறைக்கப் போவதில்லை. அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரம்.

ஆனாலும் நான் சும்மா இருக்கவில்லை. செயலாளருக்கு நானே எழுதினேன். வித்துரா மையத்திலிருந்து அனுப்பிய எந்த விண்ணப்பமும் சேரவில்லை, தவறு ஃபார்மில், அதைச் செய்தது நாங்கள், அந்தப் பிள்ளைகள் முதல் நாளே அனுப்பினார்கள், கிடைத்த ஒரே இடத்தையும் சேர்த்து எல்லோருக்குமாகத் திரும்பப் பாருங்கள் என்று. என் தங்கை மகள் யார் என்பதையும் ஒளிக்காமல் எழுதினேன். ஒரு வாரம் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. தொழில்நுட்பக் கோளாறுகள் சகஜம் என்று இருந்தது. இடங்கள் நிரம்பிவிட்டன என்று இருந்தது. தோட்டத்துப் பகுதியை நாங்கள் கைவிட்டுவிடவில்லை, இந்த ஆண்டு அங்கிருந்து ஒரு மாணவியைச் சிறப்பு அனுமதியில் சேர்த்திருக்கிறோம் என்பதைத் தாங்களே அறிவீர்கள் என்று முடிந்திருந்தது. என் வாயை அடைக்கக் கொடுத்த இடமே மலை முழுவதற்கும் சொல்லும் பதிலாகிவிட்டது. கிணறு வெட்டினேன், பூதம் வந்தது, அந்தப் பூதத்துக்கு என் தங்கை மகளின் முகம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திட்டவில்லை. அந்த அளவுக்குக்கூட என்னைப் பொருட்படுத்தவில்லை. ஒரு நகைக்கடையின் வெப்சைட்டுக்கு என்னை மாற்றிவிட்டார்கள். டீம் லீட் அதற்குப் பிறகு என்னிடம் தமிழ் பேசுவதில்லை. அவரை என்னால் வெறுக்கவும் முடியவில்லை என்பது ஒரு தொல்லை. கெட்ட எண்ணம் உள்ளவர் இல்லை அவர். எண்டர் தட்டுகிற ஒரு ஆளை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தவறு தெரிந்த பிறகு செய்த காரியத்துக்கு அந்தச் சமாதானமும் இல்லை.

தங்கை மகள் ஹாஸ்டலுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். பக்கத்துக் கட்டிலில் கடற்கரையில், பூவாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, வறுத்த மீன் கொண்டுவந்து பங்கு போடுவாள். தங்கை மகள் சிநேகிதியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினாறு வயதுக்கு இவ்வளவு கேட்காமல் இருக்கத் தெரிகிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது. அந்தச் சிநேகிதி வித்துராவில் ஒரு துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தாள்.

ஓண விடுமுறைக்குத் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு மேலே போனேன். நாங்கள் வந்தது தெரிந்து அடுத்த வீட்டுக்காரி வந்தாள், கூடவே அந்தச் சிநேகிதியான அவள் மூத்த மகளும். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு ஆளுக்கொரு அம்மாவின் பக்கத்தில் போய் நின்றார்கள். தங்கை எல்லோருக்கும் டீ போட்டாள். அடுத்த வீட்டுக்காரி ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள், குளிரைப் பற்றிச் சொன்னாள். கடைசியில் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே, ஒரு சின்ன உதவி கேட்கிற குரலில் என்னிடம் சொன்னாள்.

"நாங்க எங்க தப்பா எழுதினோம்னு மட்டும் சொல்லுங்கக்கா. சின்னவ இருக்கா. அவளுக்காவது சரியா எழுதணும், அல்லே?"

இத்தனை மாதமும் தவறு தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பிறந்த தேதியா, ரேஷன் கார்டு நம்பரா, எதில் பிசகியது என்று அம்மாவும் மகளும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தங்கை அடுப்புப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தாள். சொல்லாதே என்று அந்தக் கண் சொன்னது. சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

"நீங்க தப்பா ஒண்ணும் எழுதல. எங்க கம்பெனி செஞ்ச ஃபார்ம்தான் தின்னுட்டுது."

"அப்போ உங்க பாப்பாவோடது?"

"அதையும்தான்."

பிறகு எப்படி என்று அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன், ஒன்றையும் விடாமல். முதலில் போனது அவள் மகளுடையது என்பதையும் சொன்னேன். தங்கை பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். அன்றையிலிருந்து அவள் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை. தங்கை மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி முழுவதும் கேட்டாள். சண்டை போடுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். தூற்றியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். அவள் மழை வரும்போல என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"அது சரி. உங்களுக்கு அங்க ஆளிருக்கு. எங்களுக்கு யாரிருக்கா."

இந்த அடுத்த வீட்டுக்காரியைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நான். அவள் அம்மா கொழுந்து பறிக்கப் போனால் எங்கள் வீட்டில்தான் கிடப்பாள். நகரத்தில் இந்த லயத்துக்கு ஒரு ஆள் இருக்கிறது என்றால் அது நான்தான் என்று இத்தனை வருடமாக எனக்குள் ஒரு நினைப்பு.

எங்கள் லயத்தில் அடுத்த வீட்டில் டீ குடித்தால் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவோம். யாரும் கழுவி வைக்க மாட்டார்கள், கழுவினால் வீட்டுக்காரிக்குக் கோபம் வரும். அவள் எழுந்து குழாயடிக்குப் போனாள். தன் டம்ளரையும் மகளுடையதையும் தேய்த்துக் கழுவி, வாசல் திண்டில் கவிழ்த்து வைத்துவிட்டு, வரேங்க்கா என்று சொல்லிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனாள்.